அப்பா பிறந்த வருஷத்து வீடு

ஜனவரி 9

அன்புள்ளவளுக்கு,

நலம். நீயும் நலம்தானே? ஃபோனில் பேசினால் இரண்டு பேரும் மாறி மாறி "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுகிறோம். எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்ல வருகிறது. அதனால் தாளும் பேனாவும்.

விஷயம் இதுதான். அப்பா பிறந்த வீட்டை நினைவில்லமாக்கும் வேலை உண்மையிலேயே தொடங்கிவிட்டது. அவர் காலமான பிறகு நடந்ததெல்லாம் டீ குடித்துக் கலைகிற கூட்டம் என்று கேலி செய்வாய். இந்தத் தடவை அப்படியில்லை. குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். மகன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை என்று நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கட்டட வேலையை ஒரு இன்ஜினியரம்மா பார்க்கிறார். பழைய வீடுகளை மீட்பது மட்டும்தான் அவருக்குத் தொழில். வந்த முதல் நாளே, "எந்த வருஷத்து வீடு சார் வேணும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வேலையில் அப்படித்தானாம். ஒரு வருஷத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் சேர்ந்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும், அதற்கு முன்பு இருந்து காணாமல் போனதைத் திரும்ப வைக்க வேண்டும். குழு அப்பா பிறந்த வருஷத்தையே தேர்ந்தெடுத்தது. அன்று அவர் கண்ணைத் திறந்து பார்த்த வீடு எப்படி இருந்ததோ அப்படியே ஜனங்களும் பார்க்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை.

கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தியால் சுரண்டி, ஒவ்வொரு பூச்சாகப் படி மாதிரி காட்டினார். மேலே வெளிர் மஞ்சள். அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் ஏதோ சாம்பல், கடைசியில் வெறும் சுண்ணாம்பு. "இந்த மஞ்சள் யார் அடிச்சது?" என்று கேட்டார். என் மனைவி ஆசைப்பட்டு அடித்தது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்.

உன்னிடம் சில விவரங்கள் வேண்டும். அடுப்படியில் நம் வீட்டில் உன்னைவிட அதிகம் இருந்தவர் யாரும் இல்லை. பின்கதவு முதலில் உள்பக்கம் திறந்ததா, வெளிப்பக்கமா? ஓடு பதிக்கும் முன் தரை என்னவாக இருந்தது? பாத்திர அலமாரி எந்தச் சுவரில் இருந்தது? நினைவிருக்கிறவரை எழுது.

வீட்டுக்குப் பின்னால் காப்பாளருக்கு ஓர் அறை கட்டுகிறார்கள். காப்பாளர் நான்தான். இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். யோசித்துப் பார்.

அன்புடன்,
உன் கணவன்


ஜனவரி 22

மாண்புமிகு செயலாளர் அவர்களுக்கு,

பதவி வந்ததற்கு வாழ்த்து. நான் நலம்தான். இங்கே மாடியில் ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம், இன்னொரு கையை நீட்டினால் குழாய். அடுப்பு யாருடைய அடுப்பு என்கிறீர்கள்? மாமா கண்டுபிடித்ததேதான். நான் வாங்கவில்லை, வீட்டுக்கார அம்மா வைத்திருந்தது. முன்பக்கத்தில் மாமாவின் கையெழுத்தைப் பொறித்திருக்கிறார்கள் அல்லவா, தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொண்டுதான் டீ போடுகிறேன். எங்கே போனாலும் உங்கள் குடும்பம் என்னை விடுவதாக இல்லை.

கேட்டதற்குப் பதில். பின்கதவு உள்பக்கம் திறக்கும். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு திறக்கவே திறக்காது, தோளால் முட்ட வேண்டும். தரை செங்கல் பாவியது, நடுவில் பள்ளம். அலமாரி வடக்குச் சுவரில். நான் வந்தபோது இருந்தது இது. மாமா பிறந்தபோது என்ன இருந்தது என்று என்னைக் கேட்டால்? நான் அவருக்குப் பிரசவம் பார்க்கவில்லையே.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அடுப்படி ஜன்னலை என்ன செய்யப் போகிறார்கள்?

நீங்கள் அதை எழுதாமல் விட்டதிலிருந்தே தெரிகிறது. அடைக்கத்தான் போகிறார்கள்.

புகையில்லாத அடுப்பை உலகத்துக்குக் கொடுத்தவர் வீட்டில் நான் புகையில் சமைத்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவர் செய்து பார்த்த ஒவ்வொரு அரைகுறை அடுப்பும் முதலில் என் கண்ணில்தான் புகைந்தது. ஒரு ஜன்னல் வையுங்கள் என்றால், "காத்து வந்தா ஜுவாலை ஆடும்மா, கணக்குத் தப்பிடும். இந்த வீட்ல ஜன்னலே கெடையாது, எங்கம்மா சமைக்கலையா?" என்பார். நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அப்புறம் அவர் விருது வாங்க வெளிநாடு போனார். மறுநாள் காலையில் நீங்கள் ஒரு கொத்தனாரோடு வந்து நின்றீர்கள். நான் சொல்லவே இல்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடைத்த செங்கலை நீங்களே தட்டில் அள்ளினீர்கள். தலையெல்லாம் வெள்ளை. அடுப்படிக்குள் வெளிச்சம் விழுந்ததும் நான் முதலில் பார்த்தது ஒட்டடையைத்தான். இத்தனை ஒட்டடையிலா சமைத்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

மாமா திரும்பி வந்து, "யார் உடைச்சது?" என்றார். "நான்தான்ப்பா உடைச்சேன்" என்றீர்கள். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டேன். உங்களோடு வாழ்ந்த அத்தனை வருஷத்தில் நீங்கள் அவருக்கு எதிராகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். எனக்காகச் சொன்னதும் அதுதான்.

மாமா போன பிறகு வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்களே, ஒருநாள் யாரோ அடுப்படியைப் படமெடுக்க, "கொஞ்சம் தள்ளிக்கோ, ஃபோட்டோல நீ விழற" என்று நீங்களே என் முழங்கையைப் பிடித்து நகர்த்தினீர்கள். அந்த வாரம்தான் பெட்டியைக் கட்டினேன். உங்களுக்கு நினைவிருக்காது. பரவாயில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மஞ்சள் பூச்சைச் சுரண்டிக்கொள்ளட்டும், தரை ஓட்டைப் பெயர்த்துக்கொள்ளட்டும். ஜன்னலை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். விட்டால் வருகிறேன். அந்தக் காப்பாளர் அறையில் உங்களோடு இருக்கிறேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பிப்ரவரி 11

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை வேலை நடக்கிற இடத்திலேயே நின்று படித்தேன். வருகிறேன் என்று எழுதியிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கட்டாயம் பேசுகிறேன். அடுத்த மாதம் குழு கூடுகிறது. என்ன ஆனாலும் எடுத்துச் சொல்கிறேன்.

இங்கே வேலை மும்முரம். நாம் கட்டிய குளியலறையை இடித்துவிட்டார்கள். நம் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவர் போய்விட்டது. அதனால் கட்டில் போட்டிருந்த இடம் எது என்று இப்போது தெரியவில்லை. நேற்று நின்று பார்த்தேன், குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை. நம் பெண் சின்ன வயதில் கூரையில் ஒட்டியிருந்தாளே, இருட்டில் மின்னும் நட்சத்திரங்கள், அவற்றை இன்ஜினியரம்மா ஒவ்வொன்றாகப் பெயர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே சீட்டு ஒட்டிக் கொடுத்தார். "பிற்காலச் சேர்க்கை" என்று எழுதியிருந்தது. இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. குளியலறைக் கதவுக்கும் அதே சீட்டுதான். பையை வாங்கி மேஜைமேல் வைத்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கொத்தனாருக்கு டீ சொல்லப் போய்விட்டேன்.

அப்பாவின் தொட்டில் எங்கே போயிருக்கும்? பரணில் பார்த்த மாதிரி உனக்கு நினைவிருக்கிறதா?

அன்புடன்,
உன் கணவன்


பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

தொட்டிலை நம் பெண்ணுக்குப் போட்டோம், அதன் கால் உடைந்தது, மாமா அதை அடுப்பில் எரித்துச் சூடு கணக்குப் பார்த்தார். அத்தோடு கதை முடிந்தது. உங்கள் தலைவரிடம் இதைச் சொல்லாதீர்கள், பாவம், மனது ஒடிந்துவிடுவார்.

நட்சத்திரப் பையைப் பத்திரமாக வையுங்கள். பெண்ணிடம் சொன்னேன், "எனக்கு எதுக்கும்மா அது" என்றாள். இருந்தாலும் வையுங்கள். நானும் அந்த வீட்டுக்குப் பிற்காலச் சேர்க்கைதானே. என் முதுகில் சீட்டு ஒட்டும் முன் கிளம்பி வந்தது நல்லதாகப் போயிற்று.

கூட்டத்தில் எழுந்து நின்று பேசுங்கள். உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் தானாகத் தலையாட்டத் தோன்றும். தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அந்த இன்ஜினியரம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள். பெண்பிள்ளை, அடுப்படி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நேற்று வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்கார அம்மாவிடம், "ஒருவேளை நான் அறையைக் காலி பண்ணுவேன்" என்று சொல்லிவைத்தேன். "ஏம்மா, என்ன குறை?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். குறை ஒன்றும் இல்லை, என் வீட்டுக்காரர் கூப்பிடுகிறார் என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து வந்தது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 15

அன்புள்ளவளுக்கு,

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ சொன்னபடி எழுந்து நின்றேன். தண்ணீரும் குடித்தேன். அடுப்படி ஜன்னலை விட்டுவிடலாமே, என் மனைவி பல வருஷம் அந்த வெளிச்சத்தில்தான் சமைத்தாள் என்றேன். இன்ஜினியரம்மா பொறுமையாகக் கேட்டார். "ஒண்ணுக்கு விதிவிலக்கு குடுத்தா குளியலறையை ஏன் இடிச்சோம்னு கேப்பாங்க சார்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தலைவர், "சார், ஒரே ஒரு கேள்வி. அந்த ஜன்னல் உங்கப்பாவுக்கு இஷ்டமா?" என்றார்.

இல்லை என்றேன். உண்மை அதுதானே.

உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் ஒருமனதாக இருந்தால்தான் மேலிடத்தில் ஒப்புக்கொள்வார்களாம். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் மட்டும் தூக்காவிட்டால் மொத்த வேலையும் நின்றுபோகும் நிலை. தூக்கினேன். நீ புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

ஆனால் சும்மா விடவில்லை. ஜன்னலை நல்ல கேமராவில் படம் எடுத்து, பெரிதாகச் சட்டம் போட்டு, வெளியேறும் வழியில் மாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கீழே "குடும்பத்தினர் வழங்கியது" என்று இருக்கும். இது நானாகக் கேட்டு வாங்கியது.

கொத்தனார் நேற்று அடைத்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

காப்பாளர் அறை முடிகிற தறுவாயில் இருக்கிறது. அதில் ஜன்னல் உண்டு. வா.

அன்புடன்,
உன் கணவன்

பி.கு.: குழுக் கடிதங்களோடு சேர்த்து வைத்திருந்ததில், கை தவறி இதற்கும் செயலாளர் முத்திரையைக் குத்திவிட்டேன். இன்னொரு முறை எழுத நேரமில்லை. தப்பாக நினைக்காதே.


மார்ச் 24

கடிதம் கிடைத்தது. முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது.

அறையைக் காலி பண்ணவில்லை என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு தட்டில் வெட்டிய பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

படித்து முடித்ததும் அழுகை வரும் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊறவைத்திருந்த துணியைத் துவைக்கப் போனேன். தோசைக்கல்லைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை மரத்துப்போகுமே, சூடு பட்டாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது.

சட்டம் போட்ட படத்துக்கு என் அனுமதி தேவை என்றால், எடுத்துக்கொள்ளுங்கள்.


மே 5

அன்புள்ளவளுக்கு,

அந்தச் சின்னக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றுமே இல்லை. இருந்தாலும் இதைக் கேட்டால் நீயே கிளம்பி வந்துவிடுவாய்!

அடுப்படிச் சுவரில் பழைய பூச்சை இறக்கினார்கள். அடைத்த இடத்துக்கு மேலே ஒரு மர உத்தரம் தெரிந்தது. நம் ஜன்னலைவிட நீளம். இரண்டு பக்கமும் இன்னும் சுரண்டியதில், அந்த இடத்துச் செங்கல் மட்டும் வேறு மாதிரி. இன்ஜினியரம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், இங்க முதல்லயே ஜன்னல் இருந்திருக்கு. பின்னால யாரோ அடைச்சிருக்காங்க" என்றார். செங்கலில் சூளைக்காரரின் அடையாளம் இருந்தது. அந்தச் சூளை ஆரம்பித்ததே அப்பா வாலிபரான பிறகுதான். ஆகவே அப்பாவேதான் தன் சோதனைக்காக அடைத்திருக்கிறார். சுவாரஸ்யமான தகவல், வழிகாட்டிக் குறிப்பில் சேர்க்கப்போகிறோம்.

விஷயம் என்னவென்றால், அப்பா பிறந்த வருஷத்தில் அங்கே ஜன்னல் இருந்தது. அப்படியென்றால் இப்போதும் இருக்க வேண்டும். குழு உடனே ஒப்புக்கொண்டது. போன வாரம் கொத்தனார் உடைத்துவிட்டார். நம்முடையதைவிட ஒரு சாண் அகலம். காலையில் வெளிச்சம் அடுப்புமேடை வரைக்கும் வருகிறது. பார்த்தால் நீ அசந்துபோவாய்.

உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இனி என்ன? அடுத்த மாதம் திறப்பு விழா. குடும்பத்தினருக்கு முன்வரிசையில் நாற்காலி. காப்பாளர் அறையில் இரண்டு கட்டில் போட்டாயிற்று. எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது, நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் கணவன்


மே 17

அன்புள்ள உங்களுக்கு,

ஜன்னல் வந்ததில் சந்தோஷம். அடுப்படிக்கு வெளிச்சம் நல்லதுதான், இனிமேல் அங்கே யாரும் சமைக்கப் போவதில்லை என்றாலும்.

நான் வரவில்லை.

உங்களுக்குப் புரியாது என்று தெரியும். அதனால் பிட்டுப் பிட்டு வைக்கிறேன். நான் சுவரில் ஓட்டை கேட்கவில்லை. என் அறையிலும்தான் ஜன்னல் இருக்கிறது. "நான்தான்ப்பா உடைச்சேன்" என்று ஒரு தடவை சொன்னாரே ஒருவர், அவரைக் கேட்டேன். அவர் உண்மையில் இருந்தார் என்பதற்கு அந்த வீட்டில் எனக்கிருந்த சாட்சி அந்தப் பழைய ஜன்னல் ஒன்றுதான். அதை அடைக்க நீங்கள் கை தூக்கினீர்கள். இப்போது திறந்திருப்பது மாமா பிறந்த வருஷத்து ஜன்னல். அவருக்காகத் திறந்தது. எனக்காகத் திறந்ததை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. இந்த வீட்டில் ஜன்னலே கிடையாது என்று அவர் அத்தனை வருஷம் என் முகத்துக்கு நேரே சொன்னார். தானே அடைத்துவிட்டுச் சொன்னார். நான் புகையில் இருமிக்கொண்டு நின்றேன். தெரிந்ததும் உங்களுக்கு ஒரு நிமிஷமாவது சுருக்கென்று இருந்ததா? சுவாரஸ்யமான தகவல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதைப் படித்தபோது எனக்காவது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். உங்களைத் திட்டவும் எனக்கு இப்போது தெம்பில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இரண்டாவது கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அறை தாராளமாக இருக்கும்.

எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டைப் பற்றி எழுதாதீர்கள். மாமாவைப் பற்றியும் எழுதாதீர்கள். அவை இரண்டும் போக நம் இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
நான்


ஜூலை 30

அன்புள்ளவளுக்கு,

நலம்.

நீ சொன்ன மாதிரி எழுதுவதற்குப் பலமுறை உட்கார்ந்தேன். ஒரு தாளில் நாலாவது வரியிலேயே அடுப்படி வந்துவிட்டது. இன்னொரு தாளில் அப்பா வந்துவிட்டார். கிழித்துப் போட்டேன். இங்கே மழை இல்லை. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவைத்துவிடுவேன்.

கடைவாய்ப் பல்லில் வலி. இன்று பல் டாக்டரிடம் போனேன். மருந்து வேலை செய்கிறவரை சும்மா பேச்சுக்கொடுத்தார். "வீட்ல அவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார். வேலைக்குப் போகிறாள் என்றேன். "ஓ, என்ன வேலை?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மறுபடி கேட்பதற்கு முன்பே வாயை அகலமாகத் திறந்துகொண்டேன். வலி எடுத்துவிட்டது என்று நினைத்து அவரும் விட்டுவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நீ சொல்லி நான் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டேனா, இல்லை, நான் கேட்கவே இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். நம் பெண்ணைக் கேட்டால் சொல்லுவாள். அவளிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

நீ என்ன வேலை செய்கிறாய்?

உன் கணவன்